ராஜேந்திர சோழன் கட்டிய ஊர் ஏன் காலியானது?

சென்னையிலிருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகிறவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சேத்தியாத்தோப்பு தாண்டி, அணைக்கரை வருவதற்கு முன்னால் மீன்சுருட்டி என்று ஓர் ஊர் வரும். டீக்கடை, உரக்கடை, பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். அது என் ஊர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வயலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே பெரிய விமானம் ஒன்று தலை தூக்கி நிற்கும். அதுதான் கங்கைகொண்ட சோழபுரம்.

அந்தக் கோவிலைப் பார்த்துவிட்டு வந்த நம் பிளாக் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: இவ்வளவு பெரிய கோவில் இருக்கிறது, ஊர் எங்கே? நியாயமான கேள்வி. தஞ்சாவூரில் பெரிய கோவிலைச் சுற்றி ஊர் இருக்கிறது. மதுரையில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருக்கிறது. இங்கே மட்டும் கோவில் தனியாக நிற்கிறது. சுமார் 250 வருடம் சோழ நாட்டின் தலைநகரமாக இருந்த ஊர் இது. ஊரை உண்டாக்கிய ராஜேந்திர சோழனின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் ஊர் காலியான கதையும் புரியும்.

ராஜேந்திரன் ராஜராஜ சோழனின் மகன். தாய் வானவன்மாதேவி. இளமைப் பெயர் மதுராந்தகன். பிறந்த நட்சத்திரம் ஆடித் திருவாதிரை என்பது திருவாரூர்க் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. எங்கள் பக்கத்தில் இப்போது அந்த நாளை அரசு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். 2025 ஜூலையில் பிரதமர் வந்து ராஜேந்திரன் பெயரில் நினைவு நாணயம் வெளியிட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

1012இல் தந்தை அவனை இளவரசனாக்கித் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். 1014இல் தனி அரசனானான். பெரிய அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எதைச் செய்தாலும் அப்பா ஏற்கெனவே செய்திருப்பார். ராஜராஜன் ஈழத்தின் வடபகுதியைப் பிடித்தார். ராஜேந்திரன் சுமார் 1017இல் முழுத் தீவையும் பிடித்தான். சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 12 வருடம் இங்கேயே இருந்து இறந்துபோனான். ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்த அனுராதபுரம் சோழப் படையெடுப்புகளில் சிதைந்து, ஆட்சி பொலன்னறுவைக்கு மாறியது. வடக்கே சாளுக்கியர் பக்கம் மண்ணைக்கடக்கத்தையும் அவன் படை விட்டுவைக்கவில்லை. பிற்பாடு தன் ஊருக்கு நேர்ந்தது என்னவோ, அதை மற்றவர் ஊர்களுக்குச் செய்தவன்தான் ராஜேந்திரன். அவன் வெற்றிகளைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

அடுத்தது கங்கை. சுமார் 1022-23இல் அவன் தளபதி ஒருவன் படையோடு கலிங்கம் வழியாக வங்காளம் வரை போனான். பால அரசன் மகிபாலன் உட்படப் பலர் தோற்றார்கள். தளபதி திரும்பும்வரை ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான் என்றும், தோற்ற அரசர்கள் தலையில் கங்கை நீரைச் சுமந்துவந்தார்கள் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த வெற்றியின் பெயரால்தான் புது ஊர் உருவானது.

தஞ்சாவூரை ஏன் விட்டான்? அப்பா பெரிய கோவில் கட்டிய ஊர். சுற்றிலும் காவிரி பாயும் நஞ்சை. அங்கே இருந்திருந்தால் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. ஆனால் ராஜேந்திரனின் பெரிய எதிரி வடமேற்கில் இருந்த சாளுக்கியன். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு தலைநகரம் இருந்தால் வெள்ளக் காலத்திலும் படை ஆற்றைத் தாண்டக் காத்திருக்க வேண்டாம். புது நகரத்துக்கு வேண்டிய மேட்டு நிலமும் அங்கே தாராளமாக இருந்தது. இவை எல்லாம் நல்ல காரணங்கள்தான். அப்பாவின் நிழலிலிருந்து விலகிப் போக வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் எங்கள் பக்கத்து நிலம் தஞ்சாவூர் நிலம் அல்ல. செம்மண் மேடு. இன்றைக்கும் ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக் காடுதான் கண்ணில் படும். மழையை நம்பித்தான் பிழைப்பு. இங்கே ஒரு தலைநகரம் வேண்டுமென்றால் சோற்றையும் தண்ணீரையும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ராஜேந்திரன் இரண்டையும் கொண்டுவந்தான்.

தண்ணீருக்குச் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். இப்போது அதற்குப் பொன்னேரி என்று பெயர். கங்கை வெற்றிக்குக் கல்லில் தூண் நடாமல், தண்ணீரால் ஆன வெற்றித்தூணாக இதை அமைத்தான் என்பது செப்பேட்டுச் செய்தி. 1855ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று ஏரிக்கரையின் நீளம் 16 மைல் என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்கிறது. வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் ஒரு வாய்க்கால். கல்வெட்டுகளில் மதுராந்தக வடவாறு என்றும் ஒரு பெயர் வருகிறது.

அந்த ஏரிக்குத் தெற்கே கோவில். விமானம் சுமார் 180 அடி. தஞ்சை விமானத்தைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு. அது கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். இது இடுப்பில் கொஞ்சம் வளைந்து நளினமாக ஏறும். உள்ளே இருக்கும் லிங்கம் சுமார் 13 அடி. வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் பூச்சூட்டும் சிற்பம் ஒன்று இருக்கிறது. அவசரமாகப் போகிறவர்களும் அங்கே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். சாளுக்கிய நாட்டிலிருந்தும் கலிங்கத்திலிருந்தும் படைகள் தூக்கிவந்த சிலைகளும் அந்த வட்டாரக் கோவில்களில் இருக்கின்றன.

கோவிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் அரண்மனை. கல்வெட்டுகள் அதைச் சோழகேரளன் திருமாளிகை என்கின்றன. அந்த இடத்துக்கு இன்றைக்கு மாளிகைமேடு என்று பெயர். 1980களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டி வருகிறது. செங்கல் சுவர்கள், மரத்தூண் நிறுத்திய கருங்கல் பீடங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கோவில் கல்லில், அரண்மனை செங்கல்லிலும் மரத்திலும். கோவில் இன்றும் நிற்பதற்கும் அரண்மனை மேடாகிப் போனதற்கும் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

சீனப் பீங்கான் அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை கடலைக் கடந்து ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்க வர்மன் பிடிபட்டான். இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்தான் கடாரம். இத்தனைக்கும் ராஜராஜன் காலத்தில் இரண்டு பக்கமும் நட்பாகத்தான் இருந்தன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்ட, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்தார். அப்பா இறந்த பிறகு அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தவனே ராஜேந்திரன்தான். சில வருடத்தில் அதே கடாரத்தின் மேல் படையெடுப்பு. சீன வியாபார வழியை யார் கையில் வைத்துக்கொள்வது என்பதுதான் சண்டை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1033இல் சோழ நாட்டுத் தூதுக்குழு ஒன்று சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, கங்கைகொண்ட சோழபுரத்தில் என்ன தொழில் நடந்தது என்று கேட்டால், ஆட்சிதான் அங்கே தொழில். பல நாடுகளிலிருந்து வரியும் திறையும் கொள்ளைப் பொருளும் வந்து இறங்கும்; அது படைவீரனுக்கும் அரண்மனைப் பணியாளுக்கும் கணக்கருக்கும் கோவில் ஆட்களுக்கும் சம்பளமாகவும் மானியமாகவும் பிரியும்; அவர்களை நம்பி நெசவாளரும் எண்ணெய் வாணியரும் தட்டாரும் பிழைப்பார்கள். எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு ராஜேந்திரன் காலத்தில் செய்த ஏற்பாடு கல்வெட்டில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக் கல்லூரிக்கே அரசு செலவழித்தது என்றால், தலைநகரத்தில் புழங்கிய பணத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராஜேந்திரன் 1044இல் இறந்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் இல்லை. செய்யாறு பக்கம் பிரம்மதேசத்தில். அவன் தேவியரில் ஒருத்தியான வீரமாதேவி உடன்கட்டை ஏறினாள். அந்த இருவரின் தாகம் தீர வேண்டும் என்று அவளுடைய சகோதரன் அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. கங்கையையே ஊருக்குக் கொண்டுவந்ததாகப் பெயர் எடுத்தவனுக்குக் கடைசியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அந்தக் கல்வெட்டுச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மகன்கள் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். பிறகு மகள் அம்மங்கதேவியின் பிள்ளை முதலாம் குலோத்துங்கன் 1070இல் வந்தான். தலைநகரம் அதேதான். ஆனால் வரவு குறைய ஆரம்பித்தது அப்போதுதான். அதே 1070 வாக்கில் ஈழம் விஜயபாகுவின் கைக்குப் போனது. குலோத்துங்கனின் கடைசிக் காலத்தில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடித்தான். மைசூர்ப் பக்கம் போயிற்று. வேங்கியும் கொஞ்ச நாளில் கைநழுவியது. கம்பெனி ஒன்று கிளைகளை ஒவ்வொன்றாக மூடும்போது தலைமை அலுவலகத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

12ஆம் நூற்றாண்டில் அரசர்களின் கவனமே வேறு பக்கம் திரும்பியது. சிதம்பரத்துக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டாம் ராஜராஜன் தாராசுரத்தில் கோவில் கட்டினான். பழையாறைப் பக்கம் அரண்மனை வாழ்க்கை பெருகியது. காவிரிக் கரைக்கே திரும்பப் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தார்கள். மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறையே வைத்தான். 1279க்குப் பிறகு மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றிப் பேச்சே இல்லை.

பாண்டியரின் மீன் கொடியைச் சுருட்டிய இடம் என்பதால் மீன்சுருட்டி என்று எங்கள் ஊருக்கு ஒரு பெயர்க்காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். அதே கங்கைகொண்ட சோழபுரம் கோவில் சுவரில் பிற்காலப் பாண்டியரின் கல்வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கோவிலில் பூசை நின்றுவிடவில்லை. ஊருக்குச் சம்பளம் கொடுத்த அரண்மனைதான் இல்லாமல் போனது. சம்பளம் நின்ற பிறகு அந்தச் செம்மண் மேட்டில் அத்தனை பேருக்குச் சோறு ஏது? தஞ்சாவூரில் அரசன் போனாலும் காவிரி போகவில்லை. பின்னால் வந்த நாயக்கரும் மராட்டியரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்தில் தறியும் யாத்திரையும் மிச்சம் இருந்தன. இங்கே ஒரே முதலாளி, அவரும் போய்விட்டார். யாராவது வந்து எரித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கோலார் தங்கவயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் நூறு வருடத்துக்கு மேல் அங்கே சுரங்கத்தில் உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். குடியிருப்பு வரிசைகள் அப்படியே இருக்க, ஆட்கள் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். ஒரு தலைமுறை போய்வந்தது, அடுத்த தலைமுறை பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொண்டது. கங்கைகொண்ட சோழபுரத்து நெசவாளரும் தட்டாரும் வேறு விதமாகவா போயிருப்பார்கள்? முதலில் ஆம்பிளை மட்டும் கும்பகோணத்துக்கு, பிறகு குடும்பத்தோடு.

ஆட்கள் போன பிறகு கற்களும் போயின. அரண்மனைச் செங்கல்லை ஆளுக்கு ஆள் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீட்டை இடித்தால் அந்தப் பட்டைச் செங்கல் வரும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோவிலைச் சுற்றியிருந்த பெரிய மதிலைப் பிரித்துக் கருங்கல்லை அங்கே கொண்டுபோனார்கள். சுற்றியிருந்த கிராமத்து ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல்லுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சமாதானம் சொன்னதும் சரியாக நடக்கவில்லை என்று அந்த 1855ஆம் ஆண்டுக் குறிப்பே வருத்தப்படுகிறது. ஏரிக்குள் அப்போது காடு மண்டிக் கிடந்ததாம்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் முந்திரி இருக்கிறது, ஜெயங்கொண்டம் பக்கம் பட்டுத்தறி இருக்கிறது, அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிப்பதாகச் சொல்லி 1990களில் நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். நிலம் போனது, மின் நிலையம் வரவில்லை. வேலை வரும் என்று காத்திருந்த பையன்கள் இருபது வருடத்தில் நடுத்தர வயது ஆகிவிட்டார்கள். அதற்குள் பாதிப் பேர் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று கிளம்பிவிட்டார்கள். சிலர் மலேசியாவுக்கும் போனார்கள். ராஜேந்திரன் படையோடு போன அதே கடல். இவர்கள் வேலை விசாவோடு போனார்கள். என் தெருவில் இப்போது மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று மட்டும் கதை வேறு. அந்த 13 அடி லிங்கத்தை மூடும் அளவுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்துக் கொட்டி அன்னாபிஷேகம் செய்வார்கள். வெளியூரில் இருப்பவர்கள் அன்றைக்கு வந்துவிடுவார்கள். பிரசாதத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, ராத்திரியே மீன்சுருட்டியில் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவார்கள்.

நம் குடியிருப்புக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. மதில் கல்லைக் கொண்டுபோய்க் கட்டிய கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. ராஜேந்திரனுடைய தாத்தாவின் தாத்தா முதலாம் பராந்தகன் காலத்து ஏரி அது. 2004இலிருந்து வீராணத்துத் தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கு வருகிறது. நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்டம். நம் சம்ப்பில் மெட்ரோ வாட்டர் விழும் நாட்களில் அதில் எங்கள் பக்கத்துக் கொள்ளிடமும் கலந்திருக்கிறது. நான் ஊரைவிட்டு வந்தேன்; பின்னாலேயே தண்ணீரும் வந்துவிட்டது என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அடுத்த முறை கும்பகோணம் போகும்போது கோவிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மாளிகைமேட்டுக்குப் போய், தோண்டிய குழிகளில் அந்தச் செங்கல் சுவரைப் பாருங்கள். அங்கே நிழல் கிடையாது, காலையிலேயே போய்விடுவது நல்லது. பிறகு பொன்னேரிக் கரை. மழைக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியில் போனால் ஏரியில் தண்ணீரும் பறவைகளும் இருக்கும். சித்திரையில் போனால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். டீ குடிக்க மீன்சுருட்டிக்கு வந்துவிடுங்கள்; பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் எந்தக் கடையில் குடித்தாலும் நன்றாகவே இருக்கும்.